பக்கம் டீச்சரும் என் கனத்த எலும்பும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்த டீச்சரை எனக்குப் பிடிக்காது. இன்றைக்கும் முழுக்கப் பிடித்துவிட்டது என்று சத்தியம் செய்ய மாட்டேன். பத்தொன்பது வருடம் மைதானத்து வெயிலில் காய்ந்தவன் நான். ஓட்டப் பந்தயத்துக்கும் தொடர் ஓட்டத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஓர் ஆள் வந்து எனக்கு விளையாட்டைப் பற்றிச் சொன்னால் எப்படி இருக்கும்? நீங்களே சொல்லுங்கள்.

நான் பள்ளியில் விளையாட்டு வாத்தியார். பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கும் பெயர் விசில். குளிக்கும்போதும் அது என் கழுத்தில்தான் தொங்கும் என்று ஒரு வதந்தி உண்டு. சுத்தப் பொய். குளிக்கும்போது ஆணியில் மாட்டிவிடுவேன்.

டீச்சருக்கு அவர்கள் வைத்த பெயர் பக்கம். குள்ளமான உருவம், கறுப்பு நூலில் கோத்துக் கழுத்தில் தொங்கும் கண்ணாடி, தோளில் துணிப்பை. பைக்குள் எப்போதும் ஒரே புத்தகம். எதைக் கேட்டாலும் அந்தப் புத்தகத்தின் பக்க எண்ணில்தான் பதில் வரும். மழை வரும்போல இருக்கிறதே டீச்சர் என்று மரியாதைக்கு ஒரு வார்த்தை சொன்னால், நூற்றுப் பதினாறாம் பக்கத்தில் இப்படித்தான் மழை வந்து போட்டியையே நிறுத்திவிட்டார்கள் என்பார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். அதன்பிறகு நான் வானத்தைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டேன்.

எங்கள் பகை தொடங்கியது கடைசிப் பீரியடில். எட்டாம் வகுப்பில் வாசிக்கத் திணறும் இருபத்தாறு பேரைத் தனியாகப் பிரித்து, வாரம் மூன்று நாள் கடைசிப் பீரியடில் அவரிடம் வாசிக்க அனுப்பச் சொல்லித் தலைமையாசிரியர் உத்தரவு போட்டார். கடைசிப் பீரியட் என்னுடையது. அந்த இருபத்தாறு பேரில் இருபது பேர் துறைமுகச் சந்துப் பிள்ளைகள், என் ஓட்டக்காரர்கள். அறையாவது எங்காவது தூரத்தில் கொடுத்தார்களா? என் சாமான் அறைக்கு அடுத்த அறை. உடைந்த பெஞ்சுகள் போட்டு வைத்திருந்த இடத்தை அவரே கூட்டிப் பெருக்கிக் குடியேறினார். நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். நான் இந்தப் பக்கம் வலை பின்னினால் அந்தப் பக்கம் எழுத்துக் கூட்டுகிற சத்தம் கேட்கும்.

புத்தகம் வந்த கதையைக் கேளுங்கள். டீச்சருடைய அண்ணன் பழைய பேப்பர் கடை வைத்திருக்கிறார். விற்காமல் திரும்பி வந்த ஒரு கட்டு எடைக்கு வந்திருக்கிறது. முப்பது புத்தகம், முப்பதும் ஒன்றே, எல்லாவற்றிலும் ஒரே மூலையைக் கரையான் தின்றிருக்கிறது. விளையாட்டுப் பத்திரிகைக்காரர் ஒருவர் எழுதிய உண்மைக் கதை. நிறத்தைப் பார்த்து ஆட்களைப் பிரித்து வைத்திருந்த ஒரு நாட்டில், நீச்சல் குளத்து வாசலில் வெள்ளையருக்கு மட்டும் என்று பலகை மாட்டிய ஓர் ஊரில், கரி கழுவும் கால்வாயில் நீந்தக் கற்றுக்கொண்ட ஒரு கறுப்பரைப் பற்றியது. பையன்களை இழுப்பதற்காகத்தான் விளையாட்டுப் புத்தகமாக எடுத்தீர்களா என்று ஒருநாள் கேட்டேன். எல்லாருக்கும் ஒரே புத்தகம் வேண்டியிருந்தது, ஒரே புத்தகமாக முப்பது இருந்தது இது மட்டும்தான் என்றார். இதுதான் அவருடைய கல்விக் கொள்கை.

புத்தகத்தை எடுத்த பிறகுதான் அதில் பாதி அவருக்கே புரியவில்லை என்று தெரிந்தது. பலகைச் சுவரைத் தட்டி என்னிடம் சந்தேகம் கேட்க ஆரம்பித்தார். குளத்தில் ஒவ்வொருவருக்கும் கோடு போட்டிருப்பதாக எழுதியிருக்கிறதே, தண்ணீர் அழித்துவிடாதா என்றார் ஒருநாள். நான் மூன்று நாள் சிரித்தேன். என் மனைவியிடம் சொல்லி அவளையும் சிரிக்கவைத்தேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள் என்று ஆசிரியர் அறையில் நாலு பேர் கேட்கும்படி சொன்னேன்.

ஆனால் பிள்ளைகள் வாசிக்க ஆரம்பித்தார்கள். அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். டீச்சரின் வகுப்பில் ஒரே ஒரு சட்டம். யாரும் யாரோடும் சண்டை போடலாம், டீச்சரோடும் போடலாம், ஆனால் பக்கம் சொல்லிப் போட வேண்டும். சண்டைக்குப் பெயர்போன துறைமுகச் சந்து விடுமா? எதிராளியை மடக்குவதற்காகவே புத்தகத்தை வரிவரியாகத் துழாவினார்கள். ஒரு வாக்கியத்தை மூன்று மூச்சில் வாசித்துக்கொண்டிருந்தவன், ஐம்பத்திரண்டாம் பக்கம் நாலாவது வரியைப் பாருடா என்று பெஞ்சின் மேல் ஏறி நின்றான்.

கரும்பலகையில் எப்போதும் மூன்று பத்தி வரைந்திருக்கும். பிறப்பில் வந்தது, வளர்ப்பில் கிடைத்தது, கதவு யார் கையில். புத்தகத்தில் வரும் ஒவ்வோர் ஆளையும் பிள்ளைகள் இந்த மூன்றிலும் நிரப்ப வேண்டும். சாம்பியனையும் நிரப்பினார்கள், தோற்றவனையும் நிரப்பினார்கள், குளத்தைக் கழுவியவரையும் விடவில்லை. அந்த வியாதி மைதானத்துக்கும் வந்துவிட்டது. சோம்பேறி, காலை எடுத்து வை என்று நான் கத்தினால், எத்தனாம் பக்கம் சார் என்று ஒரு குரல் வரும். குரல் யாருடையது என்று விசாரிக்கத் தேவையில்லை. தந்தியினுடையதுதான்.

தந்தி என்பது என் ஓட்டக்காரிகளில் முதலாவதாக வருகிற பெண்ணின் பட்டப்பெயர். ஊரில் எது நடந்தாலும் முதல் ஆளாகச் செய்தி கொண்டுவருவாள். கறுப்பாக, நெடுநெடுவென்று இருப்பாள். ஆறாம் வகுப்பில் சேர்ந்த முதல் நாளே அவளைப் பார்த்து, நீ ஓட்டம் என்று சொல்லிவிட்டேன். அது என் வழக்கம். புதுப் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து முன்னால் நடப்பேன். நீ ஓட்டம், நீ ஓட்டம், நீ பந்து, நீ நீச்சல். அறுபது பிள்ளைகளை நான்கு நிமிடத்தில் பிரித்துவிடுவேன், கத்தரிக்காய் பொறுக்குவதுபோல. துறைமுகச் சந்து என்றால் ஓட்டம். மேட்டுத் தெரு என்றால், அங்கே எல்லாரும் வெளுப்பு, நீச்சல். கண்ணாலேயே எடை போடுகிற ஆள் என்று எனக்கு என்மேல் ரொம்பப் பெருமை.

அந்தப் பெருமையோடுதான் டீச்சர் அழைத்ததும் போனேன். ஒருநாள் எங்கள் வகுப்புக்கு வாருங்கள், நிபுணராக வந்து பேசுங்கள் என்று வீட்டுக்கே வந்து கேட்டார். நிபுணர் என்ற சொல்லில் மயங்காதவன் யார்? புது டிராக் சூட் போட்டுக்கொண்டு போய், பிறவித் திறமை என்பது பற்றி அரை மணி நேரம் வெளுத்து வாங்கினேன். சிலர் ஓடப் பிறந்தவர்கள், சிலர் நீந்தப் பிறந்தவர்கள் என்றேன். கறுத்த உடம்புக்கு எலும்பு கனம், தரையில் அது பலம், தண்ணீரில் மூழ்கும் என்று என் தொடையைத் தட்டிக் காட்டினேன். நுணலும் தன் வாயால் கெடும். என்னைவிடக் கறுத்தவர்கள் அந்த அறையில் நான்கு பேர்தான் இருந்தார்கள்.

வகுப்பு முழுக்க ஒரே சமயத்தில் புத்தகத்தைப் புரட்டியது. தந்தி எழுந்து நாற்பத்தொன்றாம் பக்கத்தை வாசித்தாள். திணறாமல் வாசித்தாள். அந்த ஊர் நீச்சல் பயிற்சியாளர் சொன்னதாக எழுதியிருந்தது. கறுப்பருக்கு எலும்பு கனம், தரையில் பலம், தண்ணீரில் மூழ்கும். வார்த்தை மாறவில்லை. அடுத்த வரியையும் வாசித்தாள். அந்தப் பயிற்சியாளர் தன் வாழ்நாளில் ஒரு கறுப்பரைக்கூடத் தண்ணீரில் இறக்கிப் பார்த்ததில்லை என்று பத்திரிகைக்காரர் விசாரித்து எழுதியிருந்தார்.

இருபத்தாறு பேரும் சிரித்தார்கள். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகமாகச் சுட்டது.

தந்தி உட்காரவில்லை. "நீங்க எங்கள்ல யாரையாவது தண்ணில எறக்கிப் பாத்திருக்கீங்களா சார்?" என்று கேட்டாள்.

நான் டிராக் சூட்டின் ஜிப்பை மேலே இழுத்தேன்.

"உங்களுக்கு நீச்சல் தெரியுமா சார்?"

"தெரியாமலா பதினாலு வருஷமா நீச்சல் டீமை நடத்துறேன்?" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வந்த வேகத்தில் தலைமையாசிரியருக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதினேன். வாசிப்பு வகுப்பு பிள்ளைகளுக்கு மரியாதைக் குறைவைக் கற்பிக்கிறது, நிபுணரைப் பொய்யர் என்று காட்டுகிறது, உடனே நிறுத்த வேண்டும் என்று மூன்று இடத்தில் அடிக்கோடு போட்டுக் கொடுத்தேன்.

தலைமையாசிரியர் முடிவெடுப்பதற்குப் பயப்படுகிற மனிதர். ஜன்னலைத் திறக்கவே இரண்டு பேரிடம் கருத்துக் கேட்பார். ஆனால் எழுத்தில் வந்த எதையும் மீறமாட்டார். கடிதத்துக்கு எண் போட்டு, திங்கட்கிழமையோடு வாசிப்பு வகுப்பு நிற்கும், புத்தகங்கள் வந்த கடைக்கே போகும் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டார். டீச்சர் என்னிடம் சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்து, நானும் நாலு பதில் தயார்செய்து வைத்திருந்தேன். வரவில்லை. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் வாசிப்புச் சத்தம் மட்டும் முன்னைவிட வேகமாகக் கேட்டது. திங்கட்கிழமைக்குள் கடைசிப் பக்கத்தைத் தொட்டுவிட வேண்டும் என்று ஓட்டுகிறார் எனப் புரிந்தது. எனக்கு அன்றைக்கு வலை சரியாகப் பின்ன வரவில்லை.

வியாழக்கிழமை மாலை நான் குளத்தில் இருந்தேன். குளம் எங்கள் பள்ளிக்குச் சொந்தமில்லை. ஊர் விளையாட்டுக் கிளப்புடையது. வாரம் இரண்டு நாள் எங்களுக்கு விடுவார்கள். நான் எப்போதும்போலத் தண்ணீரிலிருந்து நான்கு அடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். மேட்டுத் தெருப் பிள்ளைகள் நீந்திக்கொண்டிருந்தார்கள். அப்போது வாசலில் பேச்சுச் சத்தம். டீச்சரும் இருபத்தாறு பேரும் வெளியே நிற்கிறார்கள். நடுவில் காவலாளி.

நீச்சலுக்குப் பெயர் கொடுக்க வந்திருக்கிறோம் என்றார் டீச்சர்.

"பேர் இருந்தா உள்ள விடுவேன்" என்றார் காவலாளி.

"பேர் எழுதத்தானே வந்திருக்கோம்."

"தாராளமா எழுதுங்க. தாள் உள்ள தொங்குது."

"அப்ப உள்ள விடுங்க."

"பேர் இருக்கா?"

டீச்சர் அவரை உற்றுப் பார்த்தார். காவலாளி பொறுமையான மனிதர், எள் என்றால் எண்ணெயாக நிற்பவர். விளக்கமாகவே சொன்னார். பெயர் எழுத வேண்டும் என்றால் உள்ளே வர வேண்டும். உள்ளே வர வேண்டும் என்றால் பெயர் இருக்க வேண்டும். இது சார் போட்ட சட்டம், பதினாலு வருடத்தில் நான் ஒருநாளும் மீறியதில்லை என்று என் பக்கம் கையைக் காட்டினார். நான் பாராட்டுவேன் என்று நினைத்திருப்பார், பாவம்.

நடந்ததைச் சொல்கிறேன். தாளை முதலில் வெளியேதான் ஒட்டினேன். மழையில் நனைந்து கரைந்துபோனது. கூரை இருப்பது உள்ளே மட்டும்தான், அதனால் உள்ளே மாட்டினேன். அப்புறம் ஒருமுறை வெளிப்பையன் ஒருவன் நுழைந்து வழுக்கி விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டான். அதனால் பட்டியலில் பெயர் இல்லாதவர்களை விடாதே என்றேன். இரண்டும் தனித்தனியாகப் பார்த்தால் தங்கமான சட்டங்கள். சேர்ந்து என்ன செய்கின்றன என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை. மேட்டுத் தெருப் பிள்ளைகளுக்கு இது இடிக்கவே இல்லை. அவர்களுடைய அப்பாக்கள் கிளப் உறுப்பினர்கள். அப்பாவோடு பக்கத்து வாசல் வழியாக வந்து பெயர் எழுதிவிட்டுப் போவார்கள்.

டீச்சர் சிரிக்க ஆரம்பித்தார். குட்டைச் சுவரில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. பக்க எண் எதுவும் சொல்லவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

தந்தி மட்டும் சுவரில் நோட்டை வைத்து எதையோ எழுதிவிட்டு, அதை மறந்து ஓடிவிட்டாள். எடுத்துப் பார்த்தேன். மூன்று பத்தி வரைந்து தன்னையே நிரப்பியிருந்தாள். பிறப்பில் வந்தது, நீளமான கால். வளர்ப்பில் கிடைத்தது, ஓட்டம், அதுவும் பிடிக்காமல். கதவு யார் கையில் என்ற பத்தியில் விசில் சார் என்று எழுதி, விசிலை அடித்துவிட்டு விளையாட்டு சார் என்று திருத்தியிருந்தாள். மரியாதை தெரிந்த பிள்ளை.

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் சொன்னேன். அவள் தையல்காரி. மிஷினை மிதித்துக்கொண்டேதான் எதையும் கேட்பாள். அந்தப் பிள்ளை எனக்கு நீச்சல் தெரியுமா என்று கேட்டுவிட்டாள் என்றபோது மட்டும் மிஷின் நின்றது.

"பதினாலு வருஷமா நாற்காலியத்தான நீந்த விடுறீங்க. என்னைக்காவது ஒருத்தர் கேக்காமலா இருப்பாங்க?" என்றாள்.

ஆம். எனக்கு நீச்சல் தெரியாது. நீச்சல் வாத்தியார் ஓய்வு பெற்றபோது பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பயிற்சிமுறையைப் படித்துப் பாடம் பண்ணிக்கொண்டு கரையிலிருந்தே விசிலடித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துப் பதினாலு வருடம் ஓட்டிவிட்டேன்.

ஏன் தெரியாது? நான் பிறந்தது வேறு ஊரில், இதேபோன்ற ஒரு சந்தில். பதினொரு வயதில் பள்ளிக் குளத்தின் ஓரத்தில் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றேன். தண்ணீர் நீலமாக இருந்தது, எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. எங்கள் விளையாட்டு வாத்தியார் வந்து என் காலைப் பார்த்தார், நிறத்தைப் பார்த்தார், சட்டையைப் போடு என்றார். உனக்கு எலும்பு கனம், நீ ஓட்டம் என்றார். ஓடினேன். எத்தனையோ பந்தயம் ஓடினேன், எல்லாவற்றிலும் நான்காவதாக வந்தேன். அவர் சொன்னதை ஒருநாளும் சந்தேகப்படவில்லை. சந்தேகப்படாததோடு நிற்காமல், அதே வார்த்தையை எத்தனை பிள்ளைகளுக்குக் கடத்தியிருக்கிறேன் என்று கணக்குப் போட முயன்றேன். மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். டீச்சர் ஏற்கெனவே அங்கே நின்றார், காலடியில் முப்பது புத்தகமும் கயிறு கட்டித் தயாராக இருந்தன. என் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன். எண் போட்ட கடிதத்தை அப்படியெல்லாம் எடுக்க முடியாது, திரும்பப் பெறும் காரணத்தை எழுத்தில் கொடுங்கள் என்றார் தலைமையாசிரியர். மனம் மாறிவிட்டது என்று எழுதினேன். மனம் மாறுவது காரணமாகாது என்றார். தவறுதலாக எழுதிவிட்டேன் என்று எழுதினேன். என்ன தவறு என்று குறிப்பிட வேண்டும் என்றார். அந்த மனிதர் ஒரு முடிவெடுக்கப் பயந்து என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தினார் பாருங்கள்.

மூன்றாவது தாளில் எழுதினேன். காரணம்: அந்தப் புத்தகத்தின் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் பத்திரிகைக்காரர் விசாரித்து எழுதியது உண்மை. நிபுணர் சொன்னது பொய். எனக்கு நீச்சல் தெரியாது.

தலைமையாசிரியர் அதை இரண்டு முறை வாசித்தார். பிறகு எண் போட்டார். டீச்சர் குனிந்து புத்தகக் கட்டின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். முடிச்சு இறுகியிருந்தது. நானும் உட்கார்ந்து ஒரு பக்கம் அவிழ்த்தேன்.

அன்று மாலையே தாள் வாசலுக்கு வெளியே வந்தது. நனையாமல் இருக்கப் பிளாஸ்டிக் உறை போட்டேன். பதினாலு வருடத்தில் இந்த உறை எனக்குத் தோன்றவில்லை என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. மறுநாள் பார்த்தால் பத்தொன்பது பெயர். முதல் பெயர் தந்தி. கடைசியில், அவள் நோட்டில் பார்த்த அதே கோழிக் கிறுக்கல் கையெழுத்தில், விளையாட்டு சார் என்று இருந்தது. என்னைக் கேட்காமல் எழுதியிருக்கிறாள். பேனாவை எடுத்தேன் அடிப்பதற்கு. காவலாளி எட்டிப் பார்த்து, பேர் இருக்கு சார், நீங்க உள்ள போலாம் என்றார்.

சனிக்கிழமை ஆழம் குறைந்த பக்கத்தில் இறங்கினேன். ஊரே பார்த்தது. கிளப்பின் நீச்சல் பயிற்சியாளர், ஓர் இளம்பெண், என் வயதில் பாதிகூட இருக்காது, எங்களை வரிசையாகக் கம்பியைப் பிடிக்கச் சொன்னார். கதைகளில் வருவதுபோல் தந்தி மீனாகப் பாய்ந்தாள் என்று நினைக்காதீர்கள். இறங்கியதும் இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்து, இருமி, மூக்கைச் சிந்தி, இன்னொரு தடவை என்றாள். அந்த இன்னொரு தடவையைச் சொல்ல அவளுக்கு இரண்டு வருடம் தாமதம், என்னால்.

என் முறை வந்தது. பயிற்சியாளர் முதுகுக்குக் கீழே கை கொடுத்து மல்லாக்கப் படுக்கச் சொன்னார். மூழ்கப் போகிறேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். நாற்பத்தாறு வயதுக்கு எலும்பு இன்னும் கனத்திருக்கும் அல்லவா? கண்ணை இறுக மூடிக்கொண்டேன். கையை எடுத்துடாதீங்கம்மா என்றேன். எடுத்து ரொம்ப நேரமாச்சு சார் என்றார்.

கண்ணைத் திறந்தேன். மேலே வானம். கழுத்து விசில் காதோரத்தில் மிதந்தது. நானும் மிதந்தேன். அவிழ்த்த சட்டையோடு அந்தப் பழைய குளத்து ஓரத்திலேயே நின்றுகொண்டிருந்த பதினொரு வயதுப் பையனை நினைத்தேன். அழுதேன். ஈரத்தோடு ஈரமாகப் போயிற்று, யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி தந்தி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், எலும்பு கனமா இருக்கா?"

"வாய மூடு. தண்ணி போயிரும்" என்றேன்.

கரையில், என் நாற்காலியில், டீச்சர் தண்ணீர் தெறிக்காமல் பையை மார்போடு அணைத்து உட்கார்ந்திருந்தார். நான் அவரைப் பார்த்தேன், எத்தனாம் பக்கம் என்று சொல்வார் என. அவர் பையைத் திறக்கவே இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.